தலைமாட்டு நாற்காலி

டாக்டர் வெர்னா கட்ஷால் பகல் முழுவதிலும் உட்காரும் இடம் ஒன்றே ஒன்றுதான். நோயாளி படுக்கும் மேசையின் தலைமாட்டில், சக்கரம் வைத்த ஒரு சின்ன நாற்காலி. இடுப்பைப் பார்க்க நிற்க வேண்டும். முதுகைப் பார்க்கக் குனிய வேண்டும். தோளைத் தூக்கிச் சுழற்ற, பாதி உடம்பால் சாய வேண்டும். தலையைப் பிடிக்கும்போது மட்டும்தான் உட்காரலாம். இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, அதில் நோயாளியின் பின்மண்டையை ஏந்திக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருக்கிற வேலை அது. சில தலைகள் சீக்கிரம் இளகிவிடும். சில தலைகளுக்கு நேரம் பிடிக்கும். நேரம் பிடிக்கிற தலைகளின்மேல் வெர்னாவுக்குத் தனிப் பிரியம். அறுபதைத் தாண்டிய முழங்கால்கள் அவளுக்கு.

ஊர் அமெரிக்காவின் வட மிசௌரியில், அயோவா எல்லைக்குச் சற்றுத் தெற்கே. சோளம், சோயா, பன்றி, மழை. இவை தவிர அங்கே வேறு பேச்சில்லை. ஆஸ்டியோபதி மருத்துவத்தின் முதல் கல்லூரி இருக்கும் கர்க்ஸ்வில் நகரம் பக்கத்திலேயே என்பதால், அந்த வட்டாரத்தில் டாக்டர் என்றால் முதலில் கையை வைத்துப் பார்க்கிறவர் என்றுதான் அர்த்தம். மற்ற டாக்டர்களைப் போல மாத்திரை எழுதுவார், தையல் போடுவார், பிரசவம் பார்ப்பார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் முதுகெலும்பை விரலால் ஒரு முறை வாசித்துவிடுவார். பெரிய நகரத்து நிபுணர்களிடம் போய்த் திரும்பியவர்கள் வெர்னாவிடம் சொல்லும் குறை எப்போதும் ஒன்றுதான்: அந்த ஆள் என்னைத் தொடவே இல்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கதவினால். சிறுமியாக இருந்தபோது அப்பா வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து, நிமிர முடியாமல் சமையலறைத் தரையில் கிடந்தார். வந்த டாக்டர், படுக்கையறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு பெஞ்சுகளின்மேல் கிடத்தி, அதன்மேல் அப்பாவைப் போட்டார். பிறகு நெடுநேரம் எதுவும் செய்யாமல் கையை மட்டும் இடுப்பின் கீழே கொடுத்துக்கொண்டு இருந்தார். அப்பா அழுதார். வலியினால் இல்லை என்று வெர்னாவுக்கு அந்த வயதிலும் தெரிந்தது. அந்த வருஷம் பண்ணை ஏலத்துக்குப் போயிருந்தது. அதுவரை அப்பா அழுது யாரும் பார்த்ததில்லை.

கல்லூரியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள்: மனிதன் உடம்பு, மனம், ஆவி என்று மூன்று தனித்தனிச் சாமான் இல்லை, மூன்றும் சேர்ந்த ஒரே ஆள். வெர்னா அதைக் குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதிக்கொண்டாள். பிறகு எலும்புகளையும் நரம்புகளையும் மனப்பாடம் செய்தாள். மூன்றாவதைப் பற்றித் தேர்வில் கேள்வி வரவில்லை.

அவள் கணவன் வெண்டல் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவன். மெதடிஸ்ட் கோயிலில் பாட்டுக் குழுவில் நின்று, சுருதி சேராமல், சந்தோஷமாகப் பாடுவான். அவன் ஒரு பிப்ரவரியில் செத்துப்போன பிறகு வெர்னா சில மாதங்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பிறகு நின்றுவிட்டாள். கடவுளிடம் கோபம் என்று ஊரில் சிலர் சொல்லிக்கொண்டார்கள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஜெபம் செய்யலாம் என்று கட்டில் ஓரம் உட்கார்ந்தால் அவளுக்குத் தூக்கம் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இனி மெர்ல் ஹெட்ரிக். பன்றியும் சோயாவும் வைத்திருந்த பண்ணைக்காரர், வெர்னாவைவிடச் சில வயது மூத்தவர், பிரதரன் என்ற கிறிஸ்தவச் சபையில் உதவிக்காரர். கழுத்து இறுகித் தலைவலி வருகிறது என்று வந்தார். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய கடைசி நோயாளி அவர்தான். விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து படுப்பார். வெர்னா தலைமாட்டில் உட்காருவாள். இருவரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்தத் தலை இளக வெகு நேரமாகும். தலைவலி மெல்ல மெல்ல விட்டது; ஆனாலும் அவர் வருவதை நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஒரு வருஷம் வசந்த காலத்தில் அவர் மார்பில் ஸ்டெத்தஸ்கோப்பை வைத்தபோது புதிதாக ஓர் இரைச்சல் கேட்டது, கரடுமுரடான வாய்க்காலில் தண்ணீர் பிதுங்கிப் போவதுபோல. கொலம்பியாவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். இதயத்தின் வாசல் வால்வு சுண்ணாம்பேறிச் சுருங்கிவிட்டது, மார்பைத் திறந்து மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று அங்கே சொன்னார்கள். மெர்ல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். விதைப்பு முடியட்டும் என்றார். பிறகு ஊர் விவசாயக் கண்காட்சி முடியட்டும் என்றார். பிறகு அறுப்பு. மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வியாழனும் வெர்னா கேட்பாள், அவர் ஒவ்வொரு வியாழனும் ஒரு பயிரைச் சொல்வார்.

காரணம் பயிர் இல்லை என்பது அக்டோபரில்தான் தெரிந்தது. மெர்லின் மனைவி ஓப்பல் தன் இரத்த அழுத்தம் பார்க்க வந்திருந்தாள். கையில் பட்டையைச் சுற்றும்போது வெர்னா, இந்த மனிதர் ஏன் இப்படிச் சாக்குச் சொல்கிறார் என்று கேட்டாள். ஓப்பல் அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"என்னைக் கேக்கறீங்களே டாக்டரம்மா. அவரைக் குணமாக்கிக்கிட்டு இருக்கிறதே நீங்கதானாம்."

பிரதரன் சபையில் வழக்கம் ஒன்று உண்டு. நோயாளி கேட்டுக்கொண்டால் மூப்பர் வீட்டுக்கு வந்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்து, இரு கைகளையும் தலைமேல் வைத்து ஜெபிப்பார். வசந்த காலத்தில் கொலம்பியாவிலிருந்து திரும்பியதும் மெர்ல் அதைச் செய்துகொண்டார். அது ஒரு புதன்கிழமை மாலை. மறுநாள் வியாழக்கிழமை. வழக்கம்போல் மேசையில் படுத்தார். வழக்கம்போல் இரண்டு கைகள் அவர் தலையை ஏந்தின. நேற்று மூப்பர் தொடங்கியதை இந்த அம்மாள் வாயே திறக்காமல் தொடர்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை நாளும் அவள் செய்துவந்தது இதுதான் போலிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை என்றும் தோன்றியது. அதன் பிறகு அவர் சபையில் எழுந்து, இப்படிக் குணமாகி வருகிறேன் என்று சாட்சியே சொல்லியிருந்தார்.

ஓப்பல் போன பிறகு வெர்னா இதை ட்வைலாவிடம் சொன்னாள். முன்மேசையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பவள் ட்வைலா. வெண்டல் இருந்த காலத்திலிருந்தே அங்கே இருப்பவள். ட்வைலா நகத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றாள்.

"வியாழக்கிழமை தலையைப் பிடிச்சுக்கிட்டே சொல்லிடுங்க: மெர்ல், கர்த்தர் இப்பத்தான் எங்கிட்ட பேசினாரு, வால்வை மாத்திக்கச் சொல்றாரு. அவர் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகமாட்டாரு, நேரே கொலம்பியாவுக்கு வண்டியைத் திருப்பிடுவாரு."

"அவர் பேசலியே, ட்வைலா."

"யாருக்குத் தெரியும்? நீங்க தூங்கிக்கிட்டு இருந்திருப்பீங்க."

வெர்னா சிரித்தாள். ஆனால் அந்த யோசனையை அன்றும் மறுநாளும் கூடவே வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரே ஒரு வாக்கியம். ஒரு மனிதர் பிழைத்துக்கொள்வார். மாத்திரை கசந்தால் ஜாமில் குழைத்துக் கொடுப்பதில்லையா? கொடுத்திருக்கிறாள். ஆனால் இந்த ஜாமைத் தடவ வேண்டியது கைமேல். அவளிடம் இருந்ததெல்லாம் அந்தக் கைதான். அது தெரிந்ததை மட்டும் சொல்லும், தெரியாததைச் சொல்லாது என்ற நம்பிக்கையில்தான் இந்த வட்டாரம் வந்து அதன்கீழ் படுத்தது. பண்ணையை இழந்த அப்பாவிடம் அந்தப் பழைய டாக்டர், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. கையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். யோசித்து யோசித்து வெர்னாவுக்கு அலுத்துப்போனது. பொய் சொல்வதற்கு வேண்டிய உற்சாகம் தன்னிடம் இல்லை என்று கடைசியில் முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை மெர்ல் படுத்ததும் அவள் உட்கார்ந்தாள், ஆனால் தலையைத் தொடவில்லை. கொலம்பியாவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

"சோயா அறுப்பு முடியட்டும்னுதான்."

"முடிஞ்சிடுச்சு மெர்ல். உங்க அறுப்பு எந்திரம் கொட்டகையில நிக்கிறதைக் காலையில பார்த்துட்டுத்தான் வரேன்."

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, பிள்ளைக்கு விளக்குகிற பொறுமையோடு சொன்னார்:

"உங்களுக்கே தெரியும் டாக்டரம்மா. வாராவாரம் நீங்க என் தலையை ஏந்திக்கிட்டு கர்த்தர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கீங்க. கேட்டுக்கிட்டு இருக்கிறப்பவே நான் போய்க் கத்திக்குக் கீழே படுத்தா, அது அவரை நம்பாத மாதிரி ஆயிடாதா?"

"நான் கேக்கல."

"என்ன கேக்கல?"

"கர்த்தர்கிட்ட. நான் ஜெபம் பண்ணல, மெர்ல். இந்த அறையில ஒரு நாளும் பண்ணினதில்ல."

தொப்பி அவர் வயிற்றின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "கண்ணை மூடிக்கிட்டு இருப்பீங்களே?" என்றார்.

"மூடினா கைக்கு நல்லாத் தெரியும். அதுக்காகத்தான்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை வைத்துக்கொள்வது அவளுக்குக் கூடாத பழக்கமாகப் பட்டது. "அப்புறம், கால் வலி. உங்க தலை ஒண்ணுதான் எனக்கு உக்கார நேரம் குடுக்குது."

மெர்ல் எழுந்து உட்கார்ந்தார். அவர் எழுந்துகொள்ளும்போது அவள் எப்போதும் முதுகுக்குக் கை கொடுப்பாள். இன்று அவர் தாமாகவே, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அப்ப நான் உங்களுக்கு ஒரு நாற்காலி."

அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை. விலை போகாத பன்றியைப் பற்றிச் சொல்கிறவர்போல, நடந்ததைச் சொன்னார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. ட்வைலா அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். நான் சொன்ன மாதிரி சொல்லியிருந்தால் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது வெர்னாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காலி மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தாள். சொன்னது சரிதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு மனிதரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கியாகிவிட்டது. பதிலுக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அவர் இப்போது கொலம்பியாவுக்கும் போகமாட்டார், இங்கேயும் வரமாட்டார். பாதி தின்றதைத் தாளில் சுற்றி வைத்தாள்.

சனிக்கிழமை ஓப்பல் தொலைபேசியில் கூப்பிட்டாள். தீனித் தொட்டியருகே மெர்ல் மயங்கி விழுந்துவிட்டார், எழுந்து நடந்து வந்துவிட்டார், எங்கேயும் வரமாட்டேன் என்கிறார். வெர்னா காரை எடுத்தாள். அறுத்து முடித்த வயல்களின்மேல் சாம்பல் நிற வானம் தாழ்ந்து கிடந்தது. சரளைச் சாலையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் இடுப்பு வலித்தது. எல்லாருடைய இடுப்பையும் சரிபண்ணுகிறோம், நமக்கு யார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்குக் கொஞ்சம் வெட்கமும் பட்டாள்.

ஓப்பல் வாசற்கதவைத் திறந்துவிட்டுச் சமையலறையில் இருந்தே, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "சேத்துல குப்புறக் கிடந்தாரு. பன்னிங்க எல்லாம் சுத்தி நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சுங்க. அதுல ஒண்ணாவது ஜெபம் பண்ணுச்சான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

மெர்ல் சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் இருந்தார். முகம் மெழுகு நிறம். வெர்னா நாடி பார்த்தாள், மார்பைக் கேட்டாள். அந்த இரைச்சல் இப்போது சன்னமாகிவிட்டிருந்தது. அது நல்ல செய்தி அல்ல, வால்வு வழியே இரத்தம் போவதே குறைந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அதை ஒளிக்காமல் அவரிடம் சொன்னாள். அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேறொன்று கேட்டார்.

"ஜெபம் இல்லைன்னா, அப்ப என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

வெர்னா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. தலையைப் பிடித்திருக்கும்போது கைக்குள் ஏதோ மெதுவாகப் பொங்கித் தணியும், மூச்சைவிட மெதுவாக. அதைப் பின்தொடர்ந்து போனால் ஓர் இடத்தில் அது நின்றுவிடும். அந்த நிற்றலுக்காகத்தான் காத்திருப்பது என்று சொன்னாள். அது நின்று மறுபடி தொடங்கும்போது கழுத்து இளகியிருக்கும். சில பெரிய டாக்டர்கள் அப்படியொன்று கிடையவே கிடையாது, வெறும் பிரமை என்கிறார்கள். இருக்கலாம். தன் கைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

"நிறுத்தறது நீங்களா?"

"இல்ல. நான் நிறுத்தப் பார்த்தா நிக்காது. சும்மா இருக்கணும்."

"அப்ப யாரு?"

"தெரியல, மெர்ல். தெரியாததைத் தெரியும்னு சொல்ல எனக்கு வரல. சொல்லியிருந்தா நீங்க இந்நேரம் கொலம்பியாவுல இருந்திருப்பீங்கன்னு ட்வைலா நினைக்கிறா."

அவர் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். சமையலறையில் ஓப்பல் உருளைக்கிழங்கு சீவும் சத்தம் நின்றிருந்தது.

"எங்க மூப்பரு கையை வெச்சா வாயை மூடமாட்டாரு" என்றார் மெர்ல் கடைசியில். "நல்ல மனுஷன். ஆனா கர்த்தருக்கு வால்வுன்னா என்னன்னு விளக்கிக்கிட்டே இருப்பாரு. உங்ககிட்ட சத்தமில்ல. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நீங்க கேக்கறீங்கன்னு நினைச்சு நான் கேக்காம விட்டுட்டேன். சோம்பேறித்தனம்."

வெர்னா ஸ்டெத்தஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தாள்.

"போறேன்" என்றார். "ஆனா அவங்க அறுக்கறதுக்கு முன்னால நீங்க வந்து தலையைப் பிடிக்கணும். ஜெபம் பண்ண வேணாம். அதை நான் பார்த்துக்கறேன். நீங்க உங்க வேலையைப் பண்ணுங்க."

கொலம்பியா தூரம். ஒரு நாள் பூராவும் கதவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் அந்த நாளின் நோயாளிகளும் மறுநாள் வந்து நிற்பார்கள். நினைக்கும்போதே முழங்கால் கனத்தது. வருகிறேன் என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அறுவைக்கு முன் படுக்கவைக்கும் இடம் திரைச்சீலைகளால் தடுத்த ஒரு நீள அறை. மெர்ல் அங்கே தொப்பியில்லாமல், விதைப்புக்கு முந்தைய நிலம்போல் வெறுமையாக இருந்தார். கட்டிலின் தலைப்பக்கம் சுவரோடு சுவராக இருந்தது. குழாய்களும் கம்பிகளும் அங்கேதான் இறங்கின. இப்போது கட்டிலை நகர்த்த முடியாது, நாற்காலி போட இடமில்லை என்றாள் நர்ஸ். நீங்கள் யார் என்றும் கேட்டாள். வெர்னா வாயைத் திறப்பதற்குள் மெர்லே "என் டாக்டர்" என்று சொல்லிவிட்டார், இன்னும் மயக்க மருந்து ஏறாத குரலில்.

வெர்னா கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை இறக்கி, குழாய்களுக்கு நடுவே ஒரு பக்கமாக நுழைந்து, குனிந்து நின்றபடி இரண்டு கைகளையும் அவர் பின்தலைக்கு அடியில் கொடுத்தாள். இப்படி நிற்கக் கூடாது என்று கல்லூரியில் மாணவர்களை எச்சரிக்கும் நிலை அது. இடுப்பு உடனே பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினாள். மெர்லின் உதடுகள் அசைவது அவர் தாடையின் வழியாக அவள் விரலுக்குத் தெரிந்தது. யாரோ திரைக்கு அப்பால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாடி காட்டும் ஒரு பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கைக்குள் அந்தப் பொங்குதல் இருந்தது, அவருடையதா தன் சொந்த நடுக்கமா என்று தெரியாதபடிக்கு. ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாறினாள். காத்திருந்தாள்.

அது நின்றதா என்று பிறகு அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கழுத்து கொஞ்சம் இளகியிருந்தது. அதற்கு மருந்தும் காரணமாக இருக்கலாம்.

ஆட்கள் கட்டிலைத் தள்ள வந்தபோது மெர்ல் கண்ணைத் திறந்து, தன்மேல் குனிந்திருந்த அவள் முகத்தைப் பார்த்தார். "உக்காரலியா?" என்றார், நாக்குக் குழற.

"இடமில்ல."

"நின்னுக்கிட்டா பிடிச்சீங்க?"

"ஆமா."

அவர் தலையை லேசாக ஆட்டிக்கொண்டார். இரட்டைக் கதவு அவரை உள்ளே வாங்கி மூடிக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் ஓப்பல் பையிலிருந்து ஹாம் சாண்ட்விச்சை எடுத்து நீட்டினாள். நிமிரவே முடியாமல் நடந்து வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜெபம் பண்ணீங்களா?"

"இல்ல, ஓப்பல்."

"நல்லதாப் போச்சு. அந்த மனுஷன் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியிருப்பாரு. முதல்ல உக்காருங்க."

அவள் தன் கோட்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியைக் காலிசெய்தாள். வெர்னா உட்கார்ந்தாள். சாண்ட்விச்சில் ஒரு கடி கடித்தாள். இன்னொரு கடி கடிப்பதற்குள் கண் சொருகி, தலை சரிந்து ஓப்பலின் தோளில் விழுந்தது. ஓப்பல் அசையாமல் இருந்தாள். கையிலிருந்து நழுவப்போன சாண்ட்விச்சை மட்டும் மெல்ல வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தோள் மரத்துப்போனது. அப்போதும் அவள் அசையவில்லை.

வெகு நேரம் கழித்து, பச்சைத் தொப்பியோடு அறுவை டாக்டர் வந்து, ஹெட்ரிக் குடும்பத்தார் யார் என்று உரக்கக் கேட்டார். ஓப்பல் விரலை உதட்டில் வைத்து, மற்றக் கையால் அவரைக் கிட்டே கூப்பிட்டாள். அவர் குனிந்து, வால்வு பொருத்தியாகிவிட்டது, இதயம் தானாக ஓடத் தொடங்கிவிட்டது என்றார்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள் ஓப்பல். "இவங்க இப்பத்தான் உக்காந்தாங்க."